வலிக்கலம்மா

ரதி அந்தப் போட்டியில் சேர்ந்தது காருக்காகத்தான் என்று, பார்சல் அனுப்பும் கடையில் அவளோடு வேலை செய்யும் டான்யா முதற்கொண்டு எல்லாரும் நினைத்தார்கள். ஜெயித்தவர்களுக்குக் கார் கொடுத்தது உண்மைதான். ரதிக்குக் கார் ஓட்டவே தெரியாது.

“வீட்டுக்கு ஒரு பொய்” என்று அந்த நிகழ்ச்சிக்குப் பெயர். போட்டிக்கு வருகிறவர் ஒரு பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுப்பார். பந்துக்குள் ஒரு பொய் இருக்கும். வேலை போய்விட்டது, யாருக்கும் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டேன், சாமியாராகப் போகிறேன் என்று ஏதாவது ஒன்று. அதைச் சொந்த வீட்டாரே நம்பும்படி நடிக்க வேண்டும். வீட்டில் ஒளித்து வைத்த கேமராக்கள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசி நாளில் உறுமி மேளத்தோடு நிகழ்ச்சிக்காரர்கள் உள்ளே நுழைவார்கள். அப்பா அம்மா முகத்தில் முதலில் திகைப்பு, அப்புறம் கோபம், அப்புறம் சிரிப்பு. அழுதுகொண்டே சிரித்து, பெற்ற பிள்ளையை முதுகில் நாலு சாத்து சாத்துவார்கள்.

வேலைக்காக ராசா டவுனில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் படுத்துக்கொண்டு, ரதி அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் கைப்பேசியில் ஓட்டி ஓட்டிப் பார்ப்பாள். எந்த அம்மா எப்படிச் சிரிக்கிறாள் என்று பார்ப்பாள். அவளுடைய அம்மா புஷ்பவள்ளி சிரித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தம்பி புனிதன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து செத்ததிலிருந்து, சொந்த ஊரான கோலா சாவாவில் அந்தத் தோட்டத்து வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதுகூடக் கிடையாது. அம்மா ராத்திரியில் தூங்குவதும் இல்லை. கதவைத் தாழ்ப்பாள் போடவிடாமல், வாசலைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். அப்பா தங்கராஜு சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்த நாற்காலிக்கு ஒரு தலையணை மட்டும் வாங்கிப் போட்டார்.

ஒரே ஒரு தடவை அந்த வீட்டிலும் அப்படி ஒரு கூத்து நடக்கட்டும், அம்மா தன் முதுகில் நாலு சாத்து சாத்தட்டும் என்றுதான் ரதி பெயர் கொடுத்தாள்.

அவள் எடுத்த பந்தில், “உன் மேல் சாமி வர வேண்டும்” என்று இருந்தது.

நிகழ்ச்சியை நடத்திய தர்மேந்திரன் நல்ல மாதிரியான ஆள். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். “கவலைப்படாதம்மா. காதுக்குள்ள சின்னதா ஒண்ணு வச்சு விடுறோம். என்ன பேசணும்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். முனியாண்டி வந்திருக்குன்னு சொல்லு. அப்பாவ சிகரெட்ட விடச் சொல்லு. ஜாலியா போயிரும்லா,” என்றார். ரதிக்கும் சிரிப்பு வந்தது.

இணையம் போட்டுக் கொடுக்க வந்தவர்கள் என்று சொல்லி இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு கேமரா, டிவி மேல் ஒரு கேமரா, சாமி படங்களுக்குப் பின்னால் ஒரு மைக். அம்மா அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாளாம்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் ரதி வீட்டுக்குப் போனாள். குளித்தாள். தலையை விரித்துவிட்டு, காதை முடியால் மறைத்துக்கொண்டாள். தோட்டத்து முனைச்சந்தியில், செம்பனை மரங்களுக்கு அந்தப்புறம், நிகழ்ச்சிக்காரர்களுடைய வேன் நின்றிருந்தது.

அம்மா சூடம் ஏற்றினாள். அப்பா கைகட்டி நின்றார். ரதி கண்ணை மூடிக்கொண்டு முதலில் தோளை அசைத்தாள், பிறகு இடுப்பை. திருவிழாவில் சாமி ஆடுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு உறுமினாள். “டேய் தங்கராஜு! சிகரெட்ட விடுறியா, இல்ல உன்ன நான் விடட்டுமா?” என்று கேட்டாள். அப்பா தடாலென்று தரையில் விழுந்து கும்பிட்டார். காதுக்குள் வேனில் இருந்தவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ரதிக்கும் சிரிப்பு முட்டியது. அதை அடக்க இன்னும் கொஞ்சம் உறுமினாள். ஆடி ஆடிக் கால் மரத்துப் போகவே, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நின்றாள்.

அம்மா பயப்படவில்லை. கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. சூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து ரதியின் முகத்தைப் பார்த்தாள்.

“இது முனியாண்டி இல்ல,” என்றாள் அப்பாவிடம், மெதுவாக. “முனியாண்டின்னா சுருட்டு கேக்கும். இது நிக்கிற நெலையப் பாருங்க. எப்பயும் இப்படித்தானே சாஞ்சு நிப்பான்.”

காதுக்குள் சிரிப்பு நின்றுபோனது.

“புனிதா? தம்பியாய்யா வந்திருக்க?”

“யாரு புனிதன்?” என்று வேனில் யாரோ கேட்டார்கள். இன்னொருவர், “செத்துப்போன தம்பி போல” என்றார். பிறகு தர்மேந்திரனின் குரல். “ரதி, பதறாத. ஆமான்னு தலைய மட்டும் ஆட்டு.”

தலையைத்தானே. ஆட்டினாள்.

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா அழவில்லை. அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, பல நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்ததைப்போல, தடங்கல் இல்லாமல் கேட்டாள்.

“அன்னிக்கு நான் தூங்கிட்டேன்யா. நீ கூட்டாளி வீட்ல தங்கிட்டேன்னு நெனச்சு, கதவத் தாப்பா போட்டுட்டுத் தூங்கிட்டேன். நல்லா தூங்கினேன். கனவுகூட வரல. நான் தூங்கறப்ப நீ அங்க கெடந்தியா? ரொம்ப நேரம் கெடந்தியா? வலிச்சுதா?”

ரதிக்குப் பதில் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. ரந்தாவிலிருந்து வேலை முடிந்து வரும்போது மழையில் மோட்டார் சறுக்கி, ரோட்டோரத்து லோங்காங்கில், அந்த ஆழமான சாக்கடைக் கால்வாயில், விழுந்தவன் ராத்திரி முழுக்க உயிரோடு கிடந்தான். காலையில் செம்பனைக் குலை வெட்டப் போன வங்காளதேசத்து ஆட்கள்தான் பார்த்தார்கள். ஊர்ந்து ஏறப் பார்த்திருக்கிறான். கரையில் புல் கைக்கு எட்டின உயரம் வரைக்கும் பிடுங்கிக் கிடந்தது. ஆம்புலன்ஸில் அப்பாவின் மடியில்தான் உயிர் போனது. “அடிபட்ட ஒடனே போயிட்டானாம்” என்று அப்பாவும் மகளும் அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை. நம்பியிருந்தால் அந்த நாற்காலி எதற்கு?

“ஆமான்னு சொல்லு,” என்றது காதுக்குள் குரல். “சொல்லி அழு.”

“இல்லம்மா,” என்றாள் ரதி. குரல் கம்மி, கொஞ்சம் கட்டையாக வந்தது. “வலிக்கலம்மா. விழுந்தது தெரியும். அப்புறம் ஒண்ணும் தெரியல. நீ தூங்கப் போறதுக்கு முன்னாடியே போயிட்டேன்.”

அம்மா அவள் கையை விட்டாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் ரதி எழுந்தபோது வீட்டுக்குள் நல்ல வெயில். வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி சுவரோரமாகத் தள்ளிக் கிடந்தது. அம்மா அறைக்குள் ஒருக்களித்துப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா அடுப்படியில் ஓசைப்படாமல் தண்ணீர் காயவைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தைக் காவல் காக்கும் ஜாகா வேலை பார்க்கிறவர். அன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

“நல்ல காரியம் செஞ்ச,” என்றார் ரதியைப் பார்க்காமல்.

“என்னப்பா?”

“நேத்து மொதல்ல நானும் முனியாண்டின்னுதான் விழுந்தேன். அவ தம்பின்னு சொன்னப்ப எனக்கும் ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு. ஆனா நீ ஒடனே போயிட்டேன்னு சொன்ன பாரு, அப்பத்தான் தெரிஞ்சிச்சு நீதான்னு. என் மடியில கெடந்து தண்ணி தண்ணின்னு கேட்டவன்மா அவன். அவன் வந்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாம சொல்லி நம்பல. அவன் சொன்னதும் நம்பிட்டா. எப்படியோ, தூங்கறா.”

அதற்குமேல் ரதியால் மறைக்க முடியவில்லை. பந்து, வேன், கடிகாரம், காதில் கேட்ட குரல் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொதித்துப் பொங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு, ஹாலுக்குப் போய்க் கடிகாரத்தைக் கழற்றினார். அதைத் துண்டில் சுற்றி, டிவி மேல் இருந்ததையும், சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததையும் பிடுங்கிச் சேர்த்து அவள் கையில் கொடுத்தார்.

“கொண்டுபோய்க் குடு. உங்கம்மா காதுல இது விழக்கூடாது. விழுந்தா அவ இருக்க மாட்டா.”

முனைச்சந்தி வேனில் தர்மேந்திரன் தனியாக இருந்தார். ராத்திரி தூங்காத முகம். “எனக்கு அம்மா இல்ல ரதி,” என்றார், அவள் ஒன்றும் கேட்காமலே. “இத்தன எபிசோட் எடுத்தேன். இந்த மாதிரி ஒண்ணு எங்களுக்குக் கெடச்சதே இல்ல. நாளைக்கு மேளத்த வேணாம்னு சொல்லிடறேன். சும்மா, அமைதியா உள்ள வந்து சொல்லிடலாம்.”

“சொல்லப் போறதில்ல அண்ணே. நான் விலகிக்கிறேன்.”

“குடும்பத்தோட சம்மதம் இல்லாம ஒளிபரப்ப முடியாது. அது உனக்கும் தெரியும்.” அவர் கெஞ்சிப் பார்க்கவில்லை. “சரி, போ. ஆனா இத அழிக்க மட்டும் சொல்லாத. எனக்கு மனசு வராது.” அன்று மத்தியானமே அந்தப் பதிவை அவளுடைய கைப்பேசிக்கு அனுப்பிவைத்தார். ஏன் அனுப்பினார் என்று அவளுக்குப் புரியவில்லை. அவளும் அழிக்கவில்லை.

அத்தோடு முடிந்தது என்று ராசாவுக்குத் திரும்பிப் போனாள்.

அடுத்த வாரம் அம்மா ஃபோன் செய்தாள். குரலில் அப்படி ஒரு தெம்பு. “வெள்ளிக்கிழம சீக்கிரமா வந்துரு பாப்பா. சம்பல் செய்றேன், நெத்திலி போட்டு. தம்பிக்குப் பிடிக்கும்ல. அவன் வருவான்.”

“வருவானான்னு தெரியாதும்மா.”

“வருவான். நீ வா.”

அவள் போனாள். போகாமல் எப்படி இருக்க? ஒருமுறை அப்பாவே பேருந்து நிலையத்தில் காத்திருந்து மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, “கொஞ்ச நேரம் போதும்மா” என்றார். சூடம் ஏற்றியதும் ரதி கண்ணை மூடுவாள். காதில் குரல் எதுவும் கிடையாது. என்ன பேசுவது என்று முதலில் திணறினாள். பிறகு திணறவேண்டி இருக்கவில்லை. சம்பலில் உப்பு கூட என்பாள். மாமன் மகன் கல்யாணத்துக்குப் போய்ட்டு வாம்மா என்பாள். மழைக்காலத்தில் கொல்லைப்பக்கம் தனியாகப் போகாதே என்பாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் “சரிய்யா, சரிய்யா” என்பாள். அம்மாவுக்கு உடம்பு தேறியது. தலைக்கு எண்ணெய் வைத்தாள். பசாருக்குத் தனியாகப் போய்வந்தாள். ஒருநாள் புனிதன் பேசுவதைப்போல ரதி ஏதோ குறும்பாகச் சொல்ல, அம்மா சிரித்தாள். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ரதி கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டாள். அது அவளுக்காக வந்த சிரிப்பு இல்லை.

பார்சல் கடையில் ஒருநாள் டான்யா அவள் கையைப் பிடித்தாள். “ஏய், நீ எப்ப இருந்து லெஃப்ட் ஹேண்ட்ல எழுதற?” ரதி குனிந்து பார்த்தாள். பேனா இடது கையில் இருந்தது. பெட்டியின் மேல் எழுதியிருந்த விலாசம் கோணலாக, பெரிய பெரிய எழுத்தாக இருந்தது. புனிதனுக்கு இடதுகைப் பழக்கம். பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய், கண்ணாடியில் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் அடித்துக் கழுவினாள். சும்மா கவனக்குறைவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதன்பிறகு அவளால் ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்க முடியவில்லை. பேருந்துக்குக் காத்து நிற்கும்போதும் இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொள்வாள்.

விஷயம் மெல்ல வெளியே போயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குள் நுழையும்போது அடுத்த வீட்டு இசபெல் ஆண்ட்டி ஹாலில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. மடியில் ஒரு கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஆம்புரோஸ் அதற்கு முந்தின வருடம் மாரடைப்பில் போனவர்.

“நான் கோயிலுக்குப் போறவதான். பாதருக்குத் தெரிஞ்சா ஏசுவாரு,” என்றாள். “ஆனா அன்னிக்குக் காலையில அவரோட சண்ட போட்டேன் பாப்பா. சாப்பிடாமப் போனாரு. என் மேல கோவமாவே போயிட்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்.”

அம்மா பக்கத்தில் நின்று, “தம்பிகிட்ட கேட்டா சொல்லுவான் இசபெல்லு. அங்க எல்லாரும் ஒண்ணாத்தானே இருப்பாங்க,” என்றாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோபம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் போனார் என்று. நாக்கு நுனியில் அது தயாராக இருந்தது. தான் யோசிக்காமலே அது அங்கே வந்து நின்றதுதான் ரதியைப் பயமுறுத்தியது. அடுத்தது யார் வருவார்கள் என்று நினைத்தாள். இந்த வீட்டு வரிசையில் சாவு விழாத வீடு எது?

இசபெல்லின் கையைப் பிடித்து வெளியே துணி காயப்போடும் இடத்துக்கு அழைத்துப் போனாள். “ஆண்ட்டி, எனக்கு ஒண்ணும் தெரியாது. என் மேல யாரும் வர்றதில்ல. நான் நடிச்சேன். அம்மாவுக்காக நடிச்சேன்.”

இசபெல் கையை உதறிக்கொண்டாள். அவள் முகம் சிவந்துவிட்டது. “உங்கம்மாவுக்குன்னா வரும், எனக்குன்னா வராதா? நாங்க வேதக்காரங்கன்னுதானே?”

“அப்படி இல்ல ஆண்ட்டி, சத்தியமா...”

“போதும் பாப்பா. ஒத்த வார்த்தைதானே கேட்டேன்.” வேலியை ஒட்டி நடந்து போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டு ஜன்னல் இவர்கள் பக்கம் திறக்கவில்லை.

இனி முடியாது என்று ரதிக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பா வெளியே போயிருந்த நேரம், அம்மா அடுப்படியில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ரதி எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். நிகழ்ச்சியைச் சொன்னாள், கேமராவைச் சொன்னாள். லோங்காங்கைச் சொன்னாள். பிடுங்கிக் கிடந்த புல்லையும் சொன்னாள். “அவன் காலைல வரைக்கும் உயிரோடதாம்மா இருந்தான். நாங்கதான் மறைச்சோம். அப்புறம் நான் அவன் மாதிரி பேசி ஏமாத்தினேன். என்ன அடிம்மா. அடிச்சுடும்மா.”

அம்மாவின் கை நிற்கவில்லை. தலை ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருந்தது.

“இசபெல் வந்து கேட்டதுல பயந்துட்ட,” என்றாள்.

“அம்மா!”

“நீ அங்க இருந்தியா? உங்கப்பா இருந்தாரா? ராத்திரி அங்க கெடந்தது யாரு? அவன். அவனே வலிக்கலன்னு சொல்லிட்டான். நீ எதுக்கு வேற மாதிரி பேசற?”

ரதி கைப்பேசியை எடுத்து அந்தப் பதிவை ஓடவிட்டாள். பாரும்மா, இது நான், இங்கே காதில் மாட்டியிருக்கிறது, இதோ முடியை இழுத்து மறைக்கிறேன் என்று விரலால் காட்டினாள். அம்மா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “வலிக்கலம்மா” என்ற குரல் அடுப்படியில் கேட்டது. அம்மா அந்தச் சின்னத் திரையில் இருந்த கன்னத்தை விரலால் தடவினாள். விரல் பட்டதும் படம் அப்படியே நின்றுபோனது.

“இந்தா, நீயே பாரு,” என்று திருப்பிக் கொடுத்தாள். “நல்லா பாத்துட்டுச் சொல்லு. இது உன் மூஞ்சியா?”

ரதி பார்த்தாள். முடி முகத்தில் பாதியை மறைத்திருந்தது. ஒரு தோள் இறங்கி இருந்தது. கண் பாதி திறந்து, கேமரா இருந்த பக்கம் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. தான் கண்ணை மூடியிருந்ததாகத்தான் அவளுக்கு நினைவு. ஆமாம், இது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னாள். ஆனால் உடனே சொல்ல முடியவில்லை. அந்தச் சின்னத் தாமதத்தை அம்மா பார்த்துவிட்டாள். மறுபடியும் நெத்திலியைக் கையில் எடுத்தாள்.

“உனக்கு ஒண்ணும் ஆகாது. பயப்படாத,” என்றாள் ஆறுதலாக.

அப்பாவிடம் அன்று மாலை சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “நம்பலையா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். சிகரெட் வாடை வந்தது.

ரதி சாமி ஆடுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. அம்மா வற்புறுத்துவதும் இல்லை. “வர்றப்ப வரட்டும்” என்கிறாள். சூடம் ஏற்றிவிட்டு, தட்டை நீட்டும்போது ரதியின் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்ப்பாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் திருநீறு பூசிவிடுவாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள்.

மாறிப்போனது ஒன்றுதான். ரதி அடுத்த அறையிலிருந்து ஏதாவது கேட்டால், துண்டு எங்கே, சாவி எங்கே என்று சாதாரணமாகக் கேட்டால்கூட, அம்மா உடனே பதில் சொல்வதில்லை. எழுந்து வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைத் தேடுகிறாள்.

“நாந்தாம்மா. ரதி.”

“தெரியும், தெரியும்,” என்கிறாள் அம்மா. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.